டெக்சாஸில் ‘டிஃபர்டு’ கிடைத்தால் விசா தப்புமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது 23. டல்லாஸ் அருகே எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்கிறான். விடுமுறையில் நண்பன் ஒருவனுடன் கொலராடோ மாநிலத்து டென்வருக்குப் போய்விட்டுக் காரில் திரும்பியிருக்கிறான். டென்வர் கடையில் ரசீது போட்டு வாங்கிய, கஞ்சாச் சாறு கலந்த ஜெல்லி மிட்டாய் டப்பா அவன் பையில் இருந்தது. நண்பனிடம் ஒரு வேப் பேனா, அதாவது கஞ்சாச் சாற்றை ஆவியாக்கி இழுக்கும் கருவி. டெக்சாஸில் அமரில்லோவுக்கு அருகே வேகமாகப் போனதாக நிறுத்திய போலீஸ்காரர் இரண்டையும் எடுத்துவிட்டார். ஓர் இரவு சிறை, மறுநாள் ஜாமீன். இப்போது வழக்கறிஞர், “டிஃபர்டு அட்ஜுடிகேஷன் வாங்கித் தருகிறேன். சொன்ன காலம் ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடும், தண்டனை என்று எதுவும் பதிவாகாது” என்கிறாராம். அமெரிக்காவிலேயே பிறந்த அந்த நண்பன் சரி என்று சொல்லிவிட்டான். “என் மகனும் கையெழுத்துப் போடலாமா? கொலராடோவில் சட்டப்படி வாங்கியதற்கு டெக்சாஸில் எப்படி வழக்கு வரும்? தை மாதம் அவன் அக்காவின் கல்யாணம், வந்துவிட்டுப் போக முடியுமா?” இவைதான் அவருடைய மூன்று கேள்விகள்.

ஐயா, முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட வேண்டாம். நான் இந்தப் பதிலில் சொல்லப்போவதை அந்த வழக்கறிஞரிடமே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கும் வரைக்குமாவது வேண்டாம்.

நான் வழக்கறிஞன் இல்லை. டெக்சாஸில் பதினான்கு ஆண்டுகளாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நீதிமன்றங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் உட்கார்ந்து எழுந்தவன். நம் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவார்கள் என்பதால் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் ஊரிலிருந்து தொலைபேசியில் அழும் பெற்றோருக்காகத்தான். அதனால் உங்கள் கடிதத்தில் எழுதாததும் எனக்குக் கொஞ்சம் கேட்கிறது. நான் சொல்வது சட்ட ஆலோசனை ஆகாது. வழக்கறிஞரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் முதலாவது புரியும். அமெரிக்காவில் கஞ்சாவுக்கு ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு ஒன்று, அதற்கு மேல் நாடு முழுவதற்கும் ஒன்று. 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவத்துக்காகக் கஞ்சாவை அனுமதித்தார்கள். 2012 நவம்பரில் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வெறும் பொழுதுபோக்குக்கும் அனுமதித்தன. 2014 ஜனவரி 1 அன்று கொலராடோவில் கடைகள் திறந்தன. இன்று 24 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் 21 வயது நிரம்பியவர் குறிப்பிட்ட அளவு வைத்திருக்கலாம். அந்த அளவும் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கில் மூன்று அவுன்ஸ். நியூ ஜெர்சியில் ஆறு. இல்லினாயில் உள்ளூர்க்காரருக்கு 30 கிராம், வெளியூர்க்காரருக்கு அதில் பாதி. டெக்சாஸ், ஐடஹோ, கேன்சஸ் போன்றவை இந்தப் பட்டியலிலேயே இல்லை.

டென்வரிலிருந்து டல்லாஸுக்குக் காரில் வருகிறவர்கள் பலர் கொலராடோவை விட்டு நியூ மெக்சிகோவுக்குள் வந்து, ராட்டன், கிளேட்டன் வழியாகப் போவார்கள். நியூ மெக்சிகோவிலும் 2021 முதல் கஞ்சா குற்றமில்லை. கிளேட்டனைத் தாண்டியதும் டெக்ஸ்லைன் என்று ஒரு சிற்றூர் வரும். பெயரிலேயே எல்லைக்கோடு இருக்கிறது. இருபுறமும் அதே காய்ந்த புல்வெளி, அதே காற்றாடிகள். ஆனால் கோட்டுக்கு மேற்கே மிட்டாயாக இருந்தது கிழக்கே பெருங்குற்றமாகிவிடுகிறது. டென்வர் கடை கொடுத்த ரசீது அங்கே பயன்படாது. வழக்கறிஞரைக் கேட்காமல் அதை யாரிடமும் காட்டவும் வேண்டாம். தெரிந்தே வாங்கினான் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும்.

பெருங்குற்றம் என்று சொன்னதைப் பலர் நம்புவதில்லை, மிட்டாய்தானே என்பார்கள். டெக்சாஸ் சட்டத்தின் விசித்திரம் இதில்தான் இருக்கிறது. கஞ்சா இலையாகவோ பூவாகவோ இரண்டு அவுன்ஸுக்குள் வைத்திருந்தால் அது சிறுகுற்றம். அதிகபட்சம் 180 நாள் சிறை, 2,000 டாலர் அபராதம். அதே செடியின் சாற்றைப் பிரித்தெடுத்து மிட்டாயிலோ வேப் குப்பியிலோ அடைத்துவிட்டால் சட்டத்தில் அதற்கு வேறு அட்டவணை. அங்கே ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். அந்த எடையும் போதைப்பொருளின் எடை மட்டுமில்லை. அது கலந்திருக்கும் எல்லாவற்றின் எடையும் சேர்ந்தது.

நான் பார்த்த ஒரு டப்பாவைச் சொல்கிறேன். தகரத்தில் செய்தது, நம் ஊர்ப் பெப்பர்மின்ட் டப்பா போல. உள்ளே பத்துத் துண்டுகள், சர்க்கரை தூவியவை, தர்பூசணி வாசம். ஒவ்வொன்றின் மேலும் வைர வடிவக் கட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறியும் டி.எச்.சி. என்ற எழுத்துகளும். கஞ்சாவில் போதை தரும் பொருளின் பெயர் அது. கொலராடோ சட்டப்படி ஒரு பொட்டலத்தில் போதைப்பொருள் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆக அந்த டப்பாவில் இருந்தது கிராமில் பத்தில் ஒரு பங்கு. தராசில் வைத்தபோது மிட்டாய் மட்டும் நாற்பது கிராமுக்குப் பக்கத்தில் வந்தது. சர்க்கரை, ஜெலட்டின், சாயம் எல்லாம் சேர்த்துத்தான். டெக்சாஸில் நான்கு கிராமுக்கு மேல் 400 கிராமுக்குள் என்றால் இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். சட்டம் அனுமதிக்கும் தண்டனை இரண்டு முதல் இருபது ஆண்டுகள். 2014-ல் ஆஸ்டினுக்கு அருகே ரவுண்ட் ராக் ஊரில் 19 வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சுட்ட கஞ்சா பிரவுனிக்காகப் பிடிபட்டான். மாவு, சர்க்கரை, கோக்கோ எல்லாவற்றையும் நிறுத்து, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டில் நிறுத்தினார்கள். நாடே சிரித்த பிறகு அது குறைக்கப்பட்டது. நம் நாட்டுப் போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தைக் கடுமையானது என்கிறோம். அதில்கூட ஒரு கிலோ வரையிலான கஞ்சா ‘சிறிய அளவு’. அதற்கு உச்சம் ஓராண்டு.

முதல் குற்றம், சின்னப் பையன், டப்பா ஒன்று என்றால் யாரையும் இருபது ஆண்டு உள்ளே போடமாட்டார்கள். அந்தப் பயம் வேண்டாம். அவ்வளவு பெரிய எண்ணைக் காட்டிப் பயமுறுத்திய பிறகு சின்னதாக ஒன்றை நீட்டினால் யாரும் கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தச் சின்னதுதான் டிஃபர்டு.

டிஃபர்டு அட்ஜுடிகேஷன் என்றால் தீர்ப்பை ஒத்திவைப்பது. உங்கள் மகன் நீதிபதி முன் நின்று, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றோ, எதிர்த்து வாதாடவில்லை என்றோ சொல்ல வேண்டும். நீதிபதி, குற்றத்துக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனாலும் குற்றவாளி என்று தீர்ப்பெழுதாமல் ஒத்திவைக்கிறேன் என்பார். பிறகு சில காலம் கண்காணிப்பு: மாதக் கட்டணம், சிறுநீர்ச் சோதனை, வகுப்பு, சமூக சேவை. ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. டெக்சாஸ் சட்டத்தின் கண்ணில் அவன் தண்டிக்கப்படவே இல்லை. வழக்கறிஞர் சொன்னது பொய்யில்லை ஐயா. அவர் டெக்சாஸ் சட்டத்தைச் சொன்னார். உங்கள் மகனின் விசா டெக்சாஸ் கையில் இல்லை.

குடியேற்றச் சட்டம் நாடு முழுவதற்குமான சட்டம். ‘தண்டனைத் தீர்ப்பு’ என்பதற்கு அது தனக்கென்று ஒரு பொருள் வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது குற்றம் நடந்ததென்று முடிவு செய்யப் போதுமான உண்மைகளை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். அதோடு நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் போதும். தீர்ப்பை ஒத்திவைத்திருந்தாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். டிஃபர்டில் இரண்டுமே இருக்கின்றன. பின்னால் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், பதிவையே அழித்தாலும், குடியேற்றத் துறைக்கு அது அழியாது. மை காய்ந்த அந்த ஒரு கையெழுத்து ஆயுள் முழுதும் நிற்கும்.

இதனால்தான் நண்பன் சரி என்றதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். ஒரே கார், ஒரே போலீஸ்காரர், ஒரே நீதிபதி, ஒரே படிவம். குடிமகனான அவன் கண்காணிப்புக் காலத்தை முடித்துவிட்டு வேலைக்குப் போவான். உங்கள் மகன் அதே காலத்தை அதே ஒழுங்கோடு முடித்துவிட்டு, நாட்டைவிட்டு வெளியேற்றும் நோட்டீஸை வாங்கலாம். நண்பன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவன் அனுபவம் அது.

ஜார்ஜியாவில் நடந்த வழக்கு ஒன்று இதை அப்படியே காட்டும். ஜமைக்காவிலிருந்து மூன்று வயதில் வந்த மொன்கிரிஃப் என்பவரை 2007-ல் காரை நிறுத்திச் சோதித்தபோது 1.3 கிராம் கஞ்சா இருந்தது. இரண்டு மூன்று சிகரெட்டுக்கு ஆகும் அளவு. விற்பனை நோக்கத்தோடு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, ஒப்புக்கொண்டால் ஐந்து ஆண்டு கண்காணிப்பு, முடித்தால் வழக்கே இல்லாமல் போகும் என்றது ஜார்ஜியா. அவர் ஒப்புக்கொண்டார். மத்திய அரசு அதையே ‘கொடுங்குற்றம்’ என்று வகைப்படுத்தி வெளியேற்றப் புறப்பட்டது. 2013-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது கொடுங்குற்றம் இல்லை என்று வாங்க முடிந்தது. அப்போதும் அவர் வெளியேற்றத்திலிருந்து விடுபட்டுவிடவில்லை. கெஞ்சிக் கேட்கும் வாய்ப்புத்தான் திரும்பக் கிடைத்தது.

இதில் ஒரு சிறு கதவு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான கஞ்சாவை ஒரே ஒரு முறை வைத்திருந்து தண்டிக்கப்பட்டவரை அந்த ஒரு காரணத்துக்காக நாட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. கேட்டதும் நிம்மதியாக இருக்கும். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, சாறு கலந்த மிட்டாயில் எதை நிறுத்து 30 கிராம் என்பது என்ற வாதம். குற்றப் பத்திரிகையில் நாற்பது என்று இருந்தால் அந்த எண் உங்கள் எதிரி. இரண்டாவது சிக்கல்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்.

வெளியேற்றுவது வேறு, உள்ளே விடாமல் நிறுத்துவது வேறு. அந்த 30 கிராம் விலக்கு ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியே தள்ளுவதற்குத்தான். வெளியே போய்விட்டுத் திரும்ப வருகிறவருக்கு அது கிடையாது. போதைப்பொருள் தொடர்பான எந்தத் தண்டனையும், அரை கிராமுக்கானதும், உள்ளே நுழையத் தடை. விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம்; மாதக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே டிஃபர்டு வாங்கிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் டல்லாஸில் படித்துக்கொண்டிருக்கும் பையன், அக்கா கல்யாணத்துக்கு விமானம் ஏறினால் மறுவீட்டு விருந்து முடிந்ததும் சென்னைத் தூதரக வாசலில் நிற்பான். விசா விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. மன்னிப்பு, பொதுமன்னிப்பு எது கிடைத்திருந்தாலும் சரி, எப்போதாவது கைது செய்யப்பட்டதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா என்று கேட்கும்.

வழக்கு முடியாத இப்போதும் அவன் பயணம் போகக் கூடாது. கைதான செய்தி கைரேகையோடு போய்விடும். தூதரகம் அதைக் கண்டு, தண்டனைக்குக் காத்திராமல் விசாவை ரத்து செய்து மின்னஞ்சல் அனுப்பலாம். விசா ரத்தானால் உடனே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. விசா என்பது வாசலில் காட்டும் சீட்டு. உள்ளே இருப்பதற்கான தகுதி வேறு. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் தகுதியைக் காட்டும் அரசுப் பதிவுகளை ஒரே வீச்சில் முடித்தார்கள். காவல்துறைக் கணினியில் பெயர் வந்ததே பலருக்குக் காரணம், அதில் தள்ளுபடியான வழக்குகளும் இருந்தன. நீதிமன்றங்களில் வழக்கு குவிந்த பிறகு பதிவுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். தள்ளுபடி என்ற சொல்லின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை அந்த மாதம் பலர் கற்றுக்கொண்டார்கள்.

வழக்கறிஞர் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அது அவருடைய கடமை என்றே உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. ஹோண்டுராஸில் பிறந்து நாற்பது ஆண்டுகள் அமெரிக்காவில் கிரீன் கார்டோடு வாழ்ந்தவர் பாடியா. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், லாரி ஓட்டுநர். கென்டக்கியில் அவருடைய லாரியில் கஞ்சா பிடிபட்டது. இவ்வளவு காலம் இங்கே இருந்ததால் குடியேற்றம் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னதாகவும், அதை நம்பி ஒப்புக்கொண்டதாகவும் அவர் சொன்னார். வெளியேற்றம் ஏறக்குறைய உறுதியாக இருக்கும்போது அதைக் கட்சிக்காரரிடம் தெளிவாகச் சொல்லாத வழக்கறிஞர் தன் பணியில் தவறியவர் என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் பெயரை உங்கள் மகன் தன் வழக்கறிஞரிடம் பணிவாக ஒருமுறை சொல்லட்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

நீதிபதியும் சொல்வார், ஆனால் எப்படிச் சொல்வார் என்று பார்த்திருக்கிறேன். டெக்சாஸில் பெருங்குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், நீங்கள் குடிமகன் இல்லையென்றால் இதனால் வெளியேற்றப்படவோ நுழைவு மறுக்கப்படவோ கூடும் என்று எச்சரிக்க வேண்டும் என்பது விதி. காலையில் முப்பது வழக்கு. தாளை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் வாசிப்பார், அல்லது கையெழுத்திடும் கற்றையில் ஏழாவது பத்தியாக அச்சடித்திருக்கும். புரிந்ததா? புரிந்தது. புரிந்ததா? புரிந்தது. எதிரே நிற்கும் பையன் கல்லூரி விண்ணப்பத்தில் ‘ஏற்கிறேன்’ கட்டத்தை அழுத்துவது போலத் தலையாட்டுவான். ‘கூடும்’ என்ற சொல்லை நானும் ‘கூடும்’ என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும், என் வேலை அது. சில நாள் வீட்டுக்கு வந்து அந்த ஒரு சொல்லை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அப்படியானால் வேறு வழி என்ன? எனக்குத் தெரிந்து நல்ல வழக்கறிஞர்கள் முயல்வதைச் சொல்கிறேன். முதலில், சோதனையே சட்டப்படி நடந்ததா என்று பார்ப்பார்கள். வேகத்துக்கு நிறுத்தியவர் பையைத் திறக்க என்ன காரணம் சொன்னார், அனுமதி கேட்டாரா, காமிரா பதிவு என்ன சொல்கிறது. இரண்டாவது, ஆய்வகம். 2018-ல் மத்திய அரசும் 2019-ல் டெக்சாஸும் போதை குறைந்த சணல்வகைக் கஞ்சாவை அனுமதித்த பிறகு, பொருளில் டி.எச்.சி. எவ்வளவு என்று அளந்து காட்டும் சுமை அரசுத் தரப்புக்கு வந்திருக்கிறது. அதுவே பேரத்துக்கு இடம் தரும். மூன்றாவது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சேரக்கூடிய திட்டம் கிடைக்குமா என்று கேட்பார்கள். வழக்குக்கு முந்தைய இந்தத் திட்டத்தை இங்கே டைவர்ஷன் என்பார்கள். ஒப்புதல் இல்லையென்றால், குடியேற்றச் சட்டம் கேட்கும் இரண்டில் முதலாவதே விழுந்துவிடும். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. சில கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிகளில், திட்டத்தில் சேரும்போதே நடந்ததை எழுதிக் கையொப்பமிடச் சொல்வார்கள். பெயர் டைவர்ஷன், உள்ளே வாக்குமூலம். படிக்காமல் சேரக் கூடாது. நான்காவது, போதைப்பொருள் என்ற சொல்லே இல்லாத வேறு சிறு குற்றத்துக்கு மாற்றுவது. ‘உபகரணம் வைத்திருந்தது’ என்று மாற்றி ஐநூறு டாலருக்குள் அபராதம் கட்டிவிட்டு வரலாம் என்று ஆசை காட்டுவார்கள். டிராஃபிக் டிக்கெட் போலத் தெரியும், ஆனால் அதுவும் போதைப்பொருள் தொடர்பான குற்றமாகவே எண்ணப்படலாம். கேன்சஸில் ஒருவர் காலுறையில் மாத்திரை வைத்திருந்தார்; காலுறையே உபகரணம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதை வைத்து நாட்டை விட்டே அனுப்பினார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம்தான் அந்த உத்தரவை ரத்து செய்தது. காலுறைக்கு உச்ச நீதிமன்றம்!

எந்தக் கவுண்டி என்பதும் விதிதான். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2017 முதல் நான்கு அவுன்ஸ் வரை இலைக் கஞ்சாவுக்குக் கைது இல்லை. நான்கு மணி நேர வகுப்பு, 150 டாலர், முடிந்தது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் கவுண்டி எல்லையைத் தாண்டுகிறார்கள். அங்கே வேறு அரசு வழக்கறிஞர், வேறு மனநிலை. உங்கள் மகனின் வழக்கு நடக்கும் வடக்கு டெக்சாஸ் மூலை இன்னொரு உலகம். அந்த நீதிமன்றத்துக்கே தினமும் போகிற உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரும், குற்ற வழக்கையும் குடியேற்றத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த இன்னொருவரும் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு கட்டணமா என்று தயங்காதீர்கள். ஒரு பருவக் கல்விக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

வழக்கு என்று எதுவும் இல்லாத பெற்றோரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒன்று. கஞ்சா குற்றமில்லாத மாநிலத்தில் இருந்தாலும் வெளிநாட்டவருக்கு அது குற்றமே. 1970-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. மாநிலம் அனுமதித்தாலும், வீட்டுத் தோட்டத்தில் மருந்துக்காக வளர்த்தாலும் மத்தியச் சட்டமே மேல் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அட்டவணையைத் தளர்த்தும் முயற்சி 2024 மே மாதம் முறைப்படி தொடங்கியது. மூன்றாம் அட்டவணைக்கு இறக்கினாலும் குடியேற்றச் சட்டத்துக்கு அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். ஆகவே விமான நிலையத்தில் அதிகாரி சிரித்த முகத்தோடு, கலிஃபோர்னியாவில் இருந்தாயே, கஞ்சா அடித்துப் பார்த்தாயா என்று கேட்டால், ஆமாம், அங்கே சட்டப்படிதானே என்ற பதிலே தடுத்து நிறுத்தப் போதும். கைதும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். முறைப்படி கேட்டுப் பெற்ற ஒப்புதலே நுழைவுத் தடை. தொலைபேசியில் இருக்கும் படத்தைக் காட்டியும் கேட்பார்கள். பொய் சொல்லவே கூடாது; பொய் சொன்னால் அதுவே வாழ்நாள் தடை. பதில் சொல்ல விரும்பவில்லை, வழக்கறிஞரிடம் பேச வேண்டும் என்று சொல்லலாம். அன்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதையாவது பின்னால் சரிசெய்ய முடியும்.

கஞ்சாக் கடையில் கணக்கெழுதும் வேலைகூட ஆபத்து. 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை வெளிப்படையாகவே சொன்னது: மாநிலச் சட்டம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் வேலை செய்வதும் நன்னடத்தைக்குக் குறையாகி, குடியுரிமை மறுக்கப்படலாம். இந்த நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் நம்மில் உண்டு, அவர்களும் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஊரில் கல்லூரிக் காலத்தில் போட்ட என்.டி.பி.எஸ். வழக்கும் இங்கே கணக்கில் வரும். வெளிநாட்டுச் சட்டத்தை மீறியதும் என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது.

குடிமக்களுக்கு விளைவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். துப்பாக்கி உரிமை, அரசு உதவி வீடு, மத்திய அரசு வேலை எல்லாம் பாதிக்கும். படிப்புக் கடன் மட்டும் இப்போது தப்பித்துவிட்டது. போதைப்பொருள் தண்டனை உண்டா என்ற கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் நீக்கினார்கள். பிடிபடுவதிலும் சமத்துவம் இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன்படுத்தியும், கறுப்பர் கைதாவது மூன்றரை மடங்குக்கு மேல் என்று குடிமக்கள் உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று 2020-ல் கணக்குக் காட்டியது. 2022 அக்டோபரில் அதிபர் பைடன் கொடுத்த பொதுமன்னிப்பைப் பற்றியும் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது மத்தியச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். டெக்சாஸ் வழக்குக்கும் மாணவர் விசாவுக்கும் அதில் இடமில்லை.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியவை. அவன் ஜாமீன் நிபந்தனைகளை எழுத்துப் பிசகாமல் காக்கட்டும். நீதிமன்றத் தேதி ஒன்றைத் தவறவிட்டால் நான் மேலே சொன்னது எதுவும் உதவாது. நடந்ததை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு எழுத வேண்டாம், நீங்களும் கேட்க வேண்டாம். வழக்கறிஞருக்கும் அவனுக்கும் இடையே நடக்கும் பேச்சுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு; அப்பா மகன் பேச்சுக்கு இல்லை. நண்பனோடும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது, அவன் நாளை சாட்சியாகலாம். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எப்போது, என்ன சொல்வது என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்ட பிறகு முடிவு செய்யட்டும். தூதரகத்தில் ஆள் தெரியும் என்று ஊரில் யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கும்போது எடுத்துப்போக வேண்டிய தாள்கள்: குற்றப் பத்திரிகையின் நகல், ஜாமீன் உத்தரவு, பாஸ்போர்ட், விசாப் பக்கம், கல்லூரி தந்த ஐ-20 படிவம், கடைசியாக நுழைந்ததைக் காட்டும் ஐ-94. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அதை ஆங்கிலத்தில் எழுதி அவன் பையில் வைக்கச் சொல்லுங்கள்: நீங்கள் சொல்லும் இந்தத் தீர்வு குடியேற்றச் சட்டத்தில் தண்டனைத் தீர்ப்பாகுமா, ஆகாதா, பதிலை எழுத்தில் தர முடியுமா? கல்யாணத் தேதியை மாற்ற வேண்டாம் ஐயா. அவனுக்கு வீடியோவில் ஓர் இடம் ஒதுக்குங்கள். தாலி கட்டும் நேரம் டல்லாஸில் முந்தின இரவாக இருக்கும். விழித்துக்கொண்டுதான் இருப்பான்.